பூமியைக் கேட்காமல் முடிவெடுப்பது: கலிஃபோர்னியப் பயணக் குறிப்புகள்

வியாழன், மவுன்டன் வியூ

மவுன்டன் வியூ நகரின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் நான் முதலில் தேடிப் போனது, நான்கு மிதிவண்டிச் சக்கரங்களின் மேல் சீட்டாட்ட மேசையைப் பொருத்தியதுபோல் நிற்கும் ஒரு வண்டியை. ஸ்டான்ஃபோர்ட் கார்ட் என்பது அதன் பெயர். 1960களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஆடம்ஸ் என்ற இயந்திரவியல் மாணவர் இதை உருவாக்கியபோது, நிலவில் ஓடும் வண்டியொன்றைப் பூமியில் உட்கார்ந்தபடி, அதன் கேமரா அனுப்பும் படத்தை மட்டும் பார்த்து ஓட்ட முடியுமா என்பதே அவர் கேள்வி. நிலவுக்குப் போய்த் திரும்ப வானொலி அலைக்கு ஏறக்குறைய இரண்டரை விநாடி ஆகிறது. அந்தத் தாமதத்தை வேண்டுமென்றே புகுத்தி ஓட்டிப் பார்த்த ஆடம்ஸ், மணிக்கு 0.3 கிலோமீட்டரைத் தாண்டினாலே ஓட்டுபவரின் கைக்கு வண்டி அடங்குவதில்லை என்று கண்டார்.

இரண்டரை விநாடிக்கே இந்த நிலை. செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச் சேர, இரு கோள்களும் இருக்கும் இடத்தைப் பொறுத்து, மூன்று நிமிடம் முதல் இருபத்திரண்டு நிமிடம் வரை ஆகும். பதில் வர மீண்டும் அவ்வளவு. ஒரு பள்ளத்தின் விளிம்பைப் படத்தில் பார்த்து நாம் "நில்" என்று கட்டளையிடும் நேரத்தில் வண்டி அந்தப் பள்ளத்தில் கிடக்கும். விண்வெளி ஆய்வில் அறிவார்ந்த மென்பொருள் தேவைப்படுவதற்கான அடிப்படைக் காரணம் இந்தத் தாமதம்தான். கல்லூரியில் வழித்தேடல் அல்காரிதங்களைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவரும் நான், அவற்றின் பிறப்பிடங்களையும் அவை போய்ச் சேர்ந்த இடங்களையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டும் என்று இந்த விடுமுறையைச் சேமித்து வைத்திருந்தேன்.

அதே கார்ட்தான் பிற்பாடு ஹான்ஸ் மொராவெக்கின் கைக்கு வந்தது. தொலைவிலிருந்து மனிதர் ஓட்டுவதைக் கைவிட்டு, கேமராப் படங்களைக் கொண்டு வண்டி தானே தடைகளைக் கண்டறிந்து போகும்படி அவர் நிரல் எழுதினார். 1979இல் நாற்காலிகள் பரப்பிய ஓர் அறையை அது யாருடைய உதவியும் இல்லாமல் கடந்தது. ஒரு மீட்டர் நகரும்; பின்பு நின்று, படங்களெடுத்து, பத்துப் பதினைந்து நிமிடம் கணக்கிடும்; மீண்டும் ஒரு மீட்டர். மொத்தம் ஐந்து மணி நேரம் பிடித்தது. அடுத்தடுத்த படங்களில் ஒரே புள்ளிகள் எங்கெங்கே இடம் மாறியிருக்கின்றன என்று பார்த்து, தான் எவ்வளவு நகர்ந்திருக்கிறோம் என்று கணிக்கும் அந்த நுட்பம் மெருகேறி, கால் நூற்றாண்டு கழித்து ஸ்பிரிட், ஆப்பர்ச்சுனிட்டி என்னும் செவ்வாய் ரோவர்களில் (ஆளில்லா ஆய்வு வண்டிகளில்) ஓடியது. சக்கரம் சுழன்ற கணக்கை மணலில் நம்ப முடியாது. சக்கரம் வழுக்கினாலும் கண் வழுக்குவதில்லை.

மற்றொரு கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பது ஷேக்கி. 1966 முதல் 1972 வரை இங்கிருந்து சற்றுத் தொலைவில் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்ஆர்ஐ (ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம்) ஆய்வகத்தில், சுற்றுப்புறத்தை உணர்ந்து, திட்டமிட்டு, அத்திட்டத்தின்படி நடந்த ரோபோ. ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் 1968இல் வெளியிட்ட, வழி தேடும் ஏ ஸ்டார் அல்காரிதம் இந்தத் திட்டத்தில்தான் பிறந்தது. விரும்பிய நிலையை அடைய என்னென்ன செயல்களை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று தேடும் ஸ்டிரிப்ஸ் என்ற திட்டமிடல் முறையும் 1971இல் இதிலிருந்தே வந்தது. என்னோடு வந்திருந்த பழைய மாணவர், அதன் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, "சார், நீங்க கரும்பலகையில போட்ட அறையும் கதவும் பெட்டியும் இதுதானா?" என்று கேட்டார். அதுதான். ஏ ஸ்டாரின் வழித்தோன்றலான ஃபீல்டு டி ஸ்டார் என்ற அல்காரிதம் ரோவர்களுக்கு அனுப்பப்பட்டு, செவ்வாயின் தரையில் வழி தேடியிருக்கிறது. நாளை மாஃபெட் ஃபீல்டு.

வெள்ளி, மாஃபெட் ஃபீல்டு

நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்திற்குள் பொதுமக்கள் நினைத்தபோது நுழைந்துவிட முடியாது. வளைகுடாவை ஒட்டிய நடைபாதையிலிருந்து, 1930களில் மேக்கன் என்ற வான்கப்பலுக்காகக் கட்டப்பட்ட பெரும் கொட்டகையையும், உலகிலேயே மிகப் பெரிய காற்றுச் சுரங்கத்தின் வாயையும் பார்த்தபடி காலை முழுவதும் நடந்தோம். நான் பார்க்க விரும்பியதற்குக் கட்டட உருவம் கிடையாது. ஒரு விண்கலத்தின் கட்டுப்பாட்டை முதன்முதலாகச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைத்த மென்பொருளின் பெரும்பகுதி இந்த வேலிக்கு அப்பால்தான் எழுதப்பட்டது. இன்றைய குறிப்பை முழுக்க அதற்கே ஒதுக்குகிறேன்.

1998 அக்டோபர் 24 அன்று ஏவப்பட்ட டீப் ஸ்பேஸ் 1, புதிய தொழில்நுட்பங்களைச் சோதிப்பதற்கென்றே அனுப்பப்பட்ட விண்கலம். அயனி உந்துபொறியைப் பற்றித்தான் அப்போது அதிகம் பேசினார்கள். அதில் சோதிக்கப்பட்டவற்றுள் ஒன்று ரிமோட் ஏஜென்ட். வழக்கமாக, ஒரு விண்கலம் எந்த விநாடியில் எந்த வால்வைத் திறக்க வேண்டும், எந்தக் கேமராவை இயக்க வேண்டும் என்ற கட்டளை வரிசையைப் பூமியில் பல நாட்கள் உழைத்துத் தயாரித்து அனுப்புவார்கள். கலம் அதை அப்படியே நிறைவேற்றும். எதிர்பாராதது நேர்ந்தால் எல்லாவற்றையும் நிறுத்தி, பாதுகாப்பு நிலைக்குப் போய், பூமியின் பதிலுக்குக் காத்திருக்கும். ரிமோட் ஏஜென்டுக்கோ கட்டளைகளுக்குப் பதில் இலக்குகள் கொடுக்கப்பட்டன: இன்ன காலத்திற்குள் இவ்வளவு நேரம் பொறியை இயக்கு, இன்ன விண்பொருள்களைப் படமெடு என்பதுபோல. எப்படி என்பது அதன் பொறுப்பு.

அது மூன்று பகுதிகளைக் கொண்டது. இலக்குகளையும் கலத்தின் கட்டுப்பாடுகளையும் கால அச்சில் பொருத்திப் பார்த்து, ஒன்றோடொன்று முரண்படாத திட்டத்தை உருவாக்குவது முதல் பகுதி. அத்திட்டத்தைக் கட்டளைகளாக விரித்து நிறைவேற்றும் செயலாக்கி இரண்டாவது. மூன்றாவதான லிவிங்ஸ்டன்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கலத்தின் ஒவ்வொரு உறுப்பும் நல்ல நிலையில் எப்படி நடந்துகொள்ளும், பழுதானால் எப்படி நடந்துகொள்ளும் என்ற மாதிரியைத் தர்க்க வாக்கியங்களாக வைத்துக்கொண்டு, உணரிகள் சொல்வது அந்த மாதிரியோடு ஒத்துப்போகாதபோது, எந்த உறுப்பு எந்த நிலையில் இருந்தால் இந்த அறிகுறிகள் தோன்றும் என்று பின்னோக்கி அனுமானிக்கும். பழுதுகளின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் மருந்தும் எழுதிக் கொடுக்கப்பட்ட முறை அல்ல இது. நோய்க்கூறைத் தானே யோசித்து அறியும் முறை. மஸ்கெட்டோலா, நாயக், பெல், வில்லியம்ஸ் நால்வரும் 1998இல் இந்த வடிவமைப்பை விளக்கி எழுதிய கட்டுரையை வகுப்பில் நான் வரிவரியாக வாசித்திருக்கிறேன்.

1999 மே 17 அன்று, பூமியிலிருந்து ஏறக்குறைய பத்துக் கோடி கிலோமீட்டர் தொலைவில், சோதனை தொடங்கியது. திட்டம் தயாரானது, செயலாக்கி அதை நடத்தியது. கேமராவின் மின்சுவிட்ச் அணையாமல் சிக்கிக்கொண்டதுபோன்ற போலித் தகவலை ஊட்டியபோது, லிவிங்ஸ்டன் அதைக் கண்டறிய, புதிய நிலைக்கேற்ப மறு திட்டம் உருவானது. மறுநாள் காலை, அணைக்கப்பட்டிருக்க வேண்டிய உந்துபொறி அணையவில்லை. ரிமோட் ஏஜென்ட் எதையோ எதிர்பார்த்து அப்படியே நின்றிருந்தது.

காரணத்தைப் பொறியாளர்கள் சில மணி நேரத்திலேயே கண்டுபிடித்தார்கள். நிரல் லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே எட்டிப் பார்த்து விசாரிக்கக்கூடியதாக இருந்தது அதற்கு உதவியது. செயலாக்கியில் ஒரே நேரத்தில் பல நிரலோட்டங்கள் இயங்குகின்றன. ஓர் ஓட்டம், தனக்குச் செய்தி ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லை என்றால் செய்தி வரும்வரை உறங்கப் போகிறது. பார்த்ததற்கும் உறங்கியதற்கும் இடையிலான நுண்ணிய இடைவெளியில் செய்தி வந்துவிட்டால், அது யார் காதிலும் விழாமல் போய்விடும். பிறகு இரு ஓட்டங்களும் ஒன்றையொன்று எதிர்பார்த்து என்றென்றும் காத்திருக்கும். அந்த இரு படிகளுக்கும் நடுவே வேறெவரும் நுழையாதபடி ஒரு பூட்டுப் போட்டிருக்க வேண்டும். பூமியில் நடந்த ஏராளமான ஒத்திகைகளில் இந்தப் பிழை ஒருமுறைகூட வெளிப்படவில்லை. வெளிப்படுவதற்கு அந்த நுண்ணிய இடைவெளியில் செய்தி வந்து சேர வேண்டும், அது விண்வெளியில்தான் நடந்தது. மே 21 அன்று சற்றுச் சுருக்கிய நிகழ்ச்சி நிரலோடு மீண்டும் இயக்கி, சோதனையின் எல்லா இலக்குகளையும் நிறைவேற்றினார்கள். அந்த ஆண்டின் சிறந்த மென்பொருளுக்கான நாசா விருதைப் பகிர்ந்துகொண்டதும் அதே ரிமோட் ஏஜென்ட்தான்.

கணினி அறிவியல் கற்பிப்பவன் என்ற முறையில் என்னை மிகவும் பாதித்தது இதற்கு முன்னும் பின்னும் நடந்தவை. 1997லேயே இதே ஏம்ஸில் கிளாஸ் ஹாவெலண்டும் அவருடைய குழுவினரும், செயலாக்கியின் ஒரு பகுதியை எடுத்து, பெல் ஆய்வகத்தில் ஜெரார்டு ஹோல்ஸ்மன் உருவாக்கிய ஸ்பின் என்ற கருவியைக் கொண்டு சோதித்திருந்தார்கள். நிரலை ஓட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக, அதன் மாதிரியை எழுதி, நிரலோட்டங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளக்கூடிய எல்லா வரிசைகளையும் விடாமல் ஆராயும் கருவி அது. ஐந்து பிழைகள் அகப்பட்டன. அவற்றில் ஒன்று, விண்வெளியில் ரிமோட் ஏஜென்டை முடக்கிய அதே வகைப் பிழை. அவர்கள் ஆராய்ந்த பகுதியில் அது திருத்தப்பட்டது. அவர்கள் ஆராயாத வேறொரு பகுதியில் அதே தவறு மீண்டும் எழுதப்பட்டு, பறந்து சென்றது. முடக்கம் நேர்ந்த பின், விடையைத் தெரிந்துகொள்ளாமலேயே அந்தக் குழு நிரலைக் கையிலெடுத்து, ஜாவா பாத்ஃபைண்டர் என்ற தங்கள் சொந்தக் கருவியால் குறுகிய நேரத்தில் அந்தப் பிழையை வெளிக்கொணர்ந்தும் காட்டியது.

இயந்திரத்திடம் முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்கும் அல்காரிதத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம்; அந்த உரிமையைக் கொடுக்கலாம் என்று நமக்கு உறுதியளிக்கும் சரிபார்ப்புக் கலையைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். இரண்டுக்கும் சம உழைப்பும் சம மரியாதையும் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நூறு இலக்குகளைத் திட்டமிடத் தெரிந்த மென்பொருள் ஒரு பூட்டு இல்லாததால் உறைந்து நின்றது என்பதை இளம் ஆய்வாளர்கள் தொடக்கத்திலேயே அறிந்திருக்க வேண்டும்.

ரிமோட் ஏஜென்ட் அதன் முழு வடிவத்தில் அடுத்த கலங்களுக்கு ஏறிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதன் திட்டமிடல் பகுதியின் வழிவந்த ஒரு மென்பொருள், மேப்ஜென் என்ற பெயரில், ஸ்பிரிட்டுக்கும் ஆப்பர்ச்சுனிட்டிக்கும் ஒவ்வொரு நாளும் வேலைத்திட்டம் வகுக்க உதவியது. ஆனால் செவ்வாயில் அல்ல, பூமியில், மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்து. மனிதர் மாற்றுவார், அது முரண்களைச் சுட்டும். அது முன்மொழியும், மனிதர் தள்ளுவார் அல்லது ஏற்பார். இதைப் பின்னடைவாக நான் கருதவில்லை. பல நூறு கோடி ரூபாய் பெறுமான கலத்தை ஓட்டுபவர்களுக்கு ஒரு புதிய முறை பழக இதைவிட நேர்மையான வழி இருந்திருக்க முடியாது.

சனி, மொஹாவே

நாளின் பெரும்பகுதி சாலையிலேயே போய்விட்டது. பச்சேக்கோ கணவாய் வழியாக மத்தியப் பள்ளத்தாக்கில் இறங்கி, பேக்கர்ஸ்ஃபீல்டு தாண்டி, காற்றாலைகள் அடர்ந்த தெஹாச்சப்பி மலையேறி, மறுபக்கம் பாலைவனத்தில் இருக்கும் மொஹாவே ஊருக்கு மாலையில் வந்து சேர்ந்தோம். ஓய்வுபெற்ற பயணிகள் விமானங்கள் வரிசையாக நிற்கும் அந்த விமான நிலையத்தில், 2014 டிசம்பரில் ஸோம்பி என்ற சிறு ராக்கெட் ஒன்று செங்குத்தாக எழும்பி, 325 மீட்டர் உயரம் போய், இறங்கத் தொடங்கியது. இறங்கும் வழியில் அதன் கேமரா கீழிருந்த தரையைப் படமெடுத்து, நினைவிலிருந்த வரைபடத்தோடு ஒப்பிட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டறிந்தது. மிஞ்சியிருக்கும் எரிபொருளுக்குள் பாதுகாப்பான இடத்தை அடையும் பாதையை மற்றொரு அல்காரிதம் பறக்கும்போதே கணக்கிட, ராக்கெட் திசை திரும்பிப் புதிய இடத்தில் இறங்கியது.

செவ்வாயில் இறங்குவதற்கான ஒத்திகையின் ஒரு படி அது. செவ்வாயின் வளிமண்டலத்தின் உச்சியிலிருந்து தரைக்கு வர ஏழு நிமிடம் ஆகிறது. 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ் ரோவர் இறங்கியபோது, அங்கிருந்து பூமிக்குச் செய்தி வர 11 நிமிடத்திற்கும் மேல் ஆனது. வளிமண்டலத்தைத் தொட்டுவிட்டது என்ற செய்தி நம்மை வந்தடைந்தபோது அது ஏற்கெனவே தரையில் நின்றிருந்தது. எந்த மனிதராலும் உதவியிருக்க முடியாத ஏழு நிமிடங்கள்.

2012இல் கியூரியாசிட்டி இறங்குவதற்குக் குறித்த நீள்வட்டம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமும் 7 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. அந்தப் பரப்பு முழுவதும் ஆபத்தில்லாமல் இருந்தாக வேண்டும் என்பதால், அறிவியலாளர்கள் ஆசைப்பட்ட இடங்கள் பல கைவிடப்பட்டன. பெர்சிவரன்ஸின் நீள்வட்டம் 7.7க்கு 6.6 கிலோமீட்டராகச் சுருங்கியதோடு, அதற்குள்ளேயே செங்குத்துச் சரிவுகளும் பாறைகளும் மணல்மேடுகளும் இருந்தன. பாராசூட்டில் தொங்கியபடி இறங்கும் கேமரா படங்களை எடுக்க, சுற்றுக்கலங்கள் முன்பே எடுத்த படங்களிலிருந்து செய்த வரைபடத்தோடு அவற்றை ஒப்பிட்டு, 60 மீட்டருக்கும் குறைவான பிழையோடு தன் இடத்தை அறிந்து, எட்டக்கூடிய தூரத்தில் பாதுகாப்பான இடத்தை அது தானே தேர்ந்தெடுத்தது. ஜெசெரோ பள்ளத்தின் பழைய ஆற்றுக் கழிமுகத்தருகே இறங்க முடிந்ததே இந்த அமைப்பினால்தான். டெத் வேலிப் பகுதியில் ஹெலிகாப்டரில் கட்டிப் பறக்கவிட்டும் இதைச் சோதித்தார்கள்.

ஞாயிறு, பாசடீனா

ஓய்வு நாள். மாலையில் அரோயோ செக்கோ என்ற வறண்ட ஆற்றுப் படுகையோரம் சிறிது தூரம் நடந்தேன். 1936 அக்டோபர் 31 அன்று கால்டெக் மாணவர்களும் அவர்களுடைய நண்பர்களும் இந்தப் படுகையில் ராக்கெட் பொறியைச் சோதித்ததிலிருந்துதான் ஜெட் உந்துவிசை ஆய்வகம், அதாவது ஜேபிஎல், தன் வரலாற்றைத் தொடங்குகிறது. நாளை அங்கேதான்.

திங்கள், ஜேபிஎல்

பல வாரங்களுக்கு முன் பதிவு செய்து, வாயிலில் பாஸ்போர்ட்டைக் காட்டி, வழிகாட்டியோடு குழுவாக உள்ளே போனோம். விண்கலங்களை இயக்கும் கட்டுப்பாட்டு அறையைக் கண்ணாடிக்கு இப்பாலிருந்து பார்த்தோம். இருட்டிய அறை, திரைகளில், எந்த ஆண்டெனா எந்தக் கலத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது என்ற பட்டியல், தரையில் "பிரபஞ்சத்தின் மையம்" என்று பொறித்த தகடு. குழுவில் எல்லோரும் தகட்டைப் படமெடுத்தபோது நான் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த அறையைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு நினைவுக்கு வருவது 1997 ஜூலை. செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் என்ற விண்கலத்தின் கணினி, சில நாட்களில், திரும்பத் திரும்பத் தன்னைத் தானே மீளத் தொடங்கிக்கொண்டது. குறைந்த முன்னுரிமை கொண்ட வானிலைப் பணி ஒரு பொதுவளத்தைப் பூட்டி வைத்திருக்கும். உயர் முன்னுரிமைப் பணி அந்தப் பூட்டுக்காகக் காத்திருக்கும். நடுத்தர முன்னுரிமைப் பணி ஒன்று புகுந்து வானிலைப் பணியை நகரவிடாமல் செய்யும். முக்கியமான பணி முடியவில்லையே என்று கண்காணிப்பு அமைப்பு கணினியையே மறுதொடக்கம் செய்துவிடும். ஆய்வகத்தில் இருந்த நகல் இயந்திரத்தில் அதே நிலையை உண்டாக்கி, காரணத்தைப் பிடித்து, பூட்டை வைத்திருக்கும் பணிக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாக அளிக்கும் வசதியை இயக்கி, திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். இயங்குதளப் பாடத்தில் ஒரு பக்கமாக இருந்த கருத்து ஒரு கோளின் தரையில் நிகழ்ந்தது. வெள்ளிக்கிழமைக் குறிப்போடு சேர்த்து வாசிக்க வேண்டியது இது.

செவ்வாய் மண்டல மாதிரித் திடலை, பாறைகளும் மணலும் பரப்பிய அந்த வெளியை, தூரத்திலிருந்துதான் பார்க்கக் கிடைத்தது. ஒவ்வொரு ரோவரும் எவ்வளவு சுதந்திரம் பெற்றது என்பதை அதன் முன் நின்று மனத்தில் வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஸ்பிரிட்டுக்கும் ஆப்பர்ச்சுனிட்டிக்கும் இருந்தது 20 மெகாஹெர்ட்ஸ் செயலி. கதிர்வீச்சைத் தாங்கும் செயலிகள் சந்தையில் விற்பவற்றைவிடப் பல ஆண்டுகள் பின்தங்கியே இருக்கும். ஆகவே தானே வழி தேடும்போது அவை சிறிது நகர்ந்து, நின்று, கணக்கிட்டு, மறுபடி நகர வேண்டியிருந்தது. அருங்காட்சியகத்துக் கார்ட் செய்ததும் அதுதான். கியூரியாசிட்டியும் ஏறக்குறைய அப்படியே. பெர்சிவரன்ஸில், இறங்கும்போது படங்களை ஒப்பிடப் பயன்பட்ட தனிக் கணினியை, இறங்கிய பின் ஓட்டுவதற்கான படப் பகுப்பாய்வுக்கு மாற்றிக்கொண்டார்கள். அதனால் சக்கரங்கள் உருளும்போதே அடுத்த அடியைப் பற்றி அதனால் யோசிக்க முடிகிறது. முதல் செவ்வாய் ஆண்டில் அது கடந்த 17.7 கிலோமீட்டரில் 88 சதவீதத் தூரத்தில் தரையின் ஆபத்தை மதிப்பிட்டது இந்தத் தன்னியக்க வழிசெலுத்தல்தான். ஆடம்ஸின் இரண்டரை விநாடிப் பிரச்சினைக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பதில் இந்த எண்.

ஓட்டுவது ஒரு பக்கம். எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பது இன்னும் நுட்பமானது. அறிவியலாளர் அருகில் இல்லாத வேளையில் எந்தப் பாறை கவனத்துக்குரியது? ஏஜிஸ் என்ற மென்பொருள் முதலில் ஆப்பர்ச்சுனிட்டியில் இதைச் செய்தது; 2016 முதல் கியூரியாசிட்டியில் செய்துவருகிறது. ரோவர் புதிய இடத்திற்கு வந்து நின்றதும், படத்தில் பாறைகளின் எல்லைகளைப் பிரித்தறிந்து, அறிவியலாளர்கள் கொடுத்த அளவுகோல்களின்படி தரப்படுத்தி, லேசர் கருவியைச் சிறந்ததன் மேல் திருப்புகிறது. பூமியின் கட்டளை வருவதற்குள் ஒரு நாள் வீணாகியிருக்கும் இடத்தில் அளவீடு தயாராக இருக்கிறது. கண்மூடித்தனமாக ஒரு திசையில் சுட்டால் விரும்பிய வகைப் பாறை கிடைக்க 24 சதவீத வாய்ப்பு என்றும், ஏஜிஸ் 93 சதவீதம் சரியாகத் தேர்ந்தது என்றும் அதை உருவாக்கியவர்கள் 2017இல் எழுதினார்கள். அளவுகோலை வகுப்பது இன்னமும் மனிதர்தான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இயந்திரத்தின் கையில் இருப்பது, முன்பே விவாதித்து முடிவான ஒரு ரசனையை அந்த இடத்தில் பொருத்திப் பார்க்கும் உரிமை.

பார்வையாளர் கூடத்தில், செவ்வாயில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரின் மாதிரியருகே என் மாணவர் கேட்டார்: "சார், கைப்பேசிச் சிப்பு போட்டும் எப்படி இவ்வளவு நாள் தாங்கிச்சு?" ஸ்னாப்டிராகன் 801 செயலியும் லினக்ஸும் கொண்டு, சில தடவைகள் மட்டுமே பறக்கும் என்று அனுப்பப்பட்ட அது, 2021 ஏப்ரல் 19 முதல் 2024 ஜனவரி 18 வரை 72 முறை பறந்தது. ஆறாவது பறத்தலில் ஒரே ஒரு படம் வந்து சேராமல் தவறியது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு படத்தின் நேரக்குறியும் பிசகி, தான் இருக்கும் இடத்தைப் பற்றிய அதன் கணிப்பு தப்பி, முன்னும் பின்னும் ஊசலாடியது. கட்டுப்பாட்டு அமைப்பில் தாராளமான நிலைத்தன்மை இடைவெளி விட்டு வடிவமைத்திருந்ததாலும், இறங்கும் கடைசிக் கட்டத்தில் படங்களை நம்பாமல் விடுமாறு முன்பே முடிவெடுத்திருந்ததாலும், பத்திரமாக இறங்கியது. கடைசிப் பறத்தலில் கீழே இருந்தது அடையாளப் புள்ளிகள் ஏதுமற்ற மணல் அலைகள். பின்தொடர எதுவும் கிடைக்காமல், நகர்வைத் தவறாகக் கணித்து இறங்கியதில் சுழலிகள் சேதமடைந்தன. கண்ணை நம்பும் அல்காரிதம் எங்கே தோற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. அடுத்த ஹெலிகாப்டரை எழுதுபவர்களுக்கு இந்த விபத்தின் தரவு பெரும் செல்வம்.

செவ்வாய்க்கிழமை, பார்ஸ்டோ

ஆழ்விண்வெளி வலையமைப்பின் கோல்ட்ஸ்டோன் நிலையம் ராணுவப் பகுதிக்குள் இருப்பதால், பார்ஸ்டோ ஊரின் பழைய ரயில் நிலையக் கட்டடமான ஹார்வி ஹவுஸில் உள்ள பார்வையாளர் மையத்தோடு நிறுத்திக்கொண்டோம். கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், கான்பெரா என்று பூமியைச் சுற்றி மூன்று இடங்களில் ஆண்டெனாக்கள்; ஏதாவது ஒன்று எப்போதும் கலத்தைப் பார்த்தபடி இருக்கும். வாயேஜர் முதல் செவ்வாய் ரோவர்கள் வரை எல்லோருக்கும் பொதுவானவை என்பதால் அவற்றின் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் போட்டி உண்டு.

கலம் தானே யோசிக்க வேண்டும் என்பதற்குத் தாமதம் ஒரு காரணம் என்றால், இந்தப் போட்டி மற்றொரு காரணம். ஸ்பிரிட், ஆப்பர்ச்சுனிட்டி ரோவர்களுக்கு 2006இல் அனுப்பப்பட்ட ஒரு நிரல், வரிசையாக எடுத்த படங்களில் புழுதிச் சுழல் நகரும் படங்களை மட்டும் பிரித்தெடுத்து அனுப்பியது. மற்றவற்றை அனுப்பி அலைவரிசையை வீணாக்க வேண்டியதில்லை. பூமியைச் சுற்றிய ஈஓ-1 செயற்கைக்கோளில் ஜேபிஎல்லின் ஸ்டீவ் சியென் குழுவினர் இயக்கிய மென்பொருள் அதற்கும் ஒரு படி மேலே போய், எரிமலைச் சீற்றத்தையோ வெள்ளத்தையோ படத்தில் கண்டதும் தன் அடுத்த சுற்றுகளுக்கான திட்டத்தையே மாற்றி அதே இடத்தை மீண்டும் பார்க்க ஏற்பாடு செய்தது.

டீப் ஸ்பேஸ் 1இல் ரிமோட் ஏஜென்டோடு சேர்ந்து சோதிக்கப்பட்டு, அதிகம் பேசப்படாமல் போன ஒரு சோதனையை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். தன் உடல்நிலையைப் பற்றிய அளவீடுகளையெல்லாம் அனுப்புவதற்குப் பதிலாக, கலம் நான்கு ஒலிக்குறிகளில் ஒன்றை மட்டும் அனுப்பும்: எல்லாம் சரி, சுவையான தகவல் இருக்கிறது, விரைவில் பேச வேண்டும், உடனே பேச வேண்டும். சிறிய ஆண்டெனாவே அதைக் கேட்கப் போதும். தன் நிலையைத் தானே மதிப்பிட்டு, இந்த நான்கில் எது பொருந்தும் என்று தீர்மானிப்பதுதான் கலத்தின் வேலை. புளூட்டோவை நோக்கிய நீண்ட பயணத்தில் நியூ ஹொரைசன்ஸ் உறக்கநிலையில் இருந்த காலங்களிலும் இதுபோன்ற குறியொலியைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது.

வியாழனின் சந்திரனான யூரோப்பாவை ஆராய 2024 அக்டோபர் 14 அன்று புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் 2030இல் அங்கே சேரும். அங்கிருந்து ஒரு வழிச் செய்திக்கே அரை மணி நேரத்திற்கு மேல் ஆகும். அந்தப் பனிக்கட்டித் தரையில் என்றேனும் இறங்கப் போகும் கலம், கதிர்வீச்சால் குறுகிய ஆயுளோடு, எங்கே துளையிடுவது என்பதைப் பூமியைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லாமல் இருக்கும். அதற்கான நிரலை எழுதப் போகிறவர்கள் இன்று கல்லூரிகளில் இருக்கிறார்கள்.

ஊர் திரும்பியதும் அடுத்த பருவத்தின் முதல் ஆய்வக வகுப்பில், ரிமோட் ஏஜென்டை உறையவைத்த அந்த இரண்டு நிரலோட்டங்களையும் பூட்டு இல்லாமல் பத்துப் பன்னிரண்டு வரிகளில் எழுதிக் கொடுத்து, ஸ்பின்னைக் கொண்டு முட்டுக்கட்டையைக் கண்டுபிடிக்கச் சொல்லப்போகிறேன். பயிற்சித்தாளை விமான நிலையத்திற்குப் போகும் வழியிலேயே என் மாணவரும் நானும் எழுதத் தொடங்கிவிட்டோம். முடிந்ததும் இங்கேயே பதிவிடுகிறேன். வேறு கல்லூரி ஆசிரியர்கள் தாராளமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.